டெல்லியில் இங்கிலீஷ் ஆனர்ஸ்: தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்லியில் டுவெல்த் முடிக்கிற தமிழ்ப் பிள்ளை யாராவது "நான் இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுக்கப்போறேன்" என்று வீட்டில் சொன்னால், அன்று சாயங்காலமே எனக்கு போன் வந்துவிடும். டெல்லி பல்கலைக்கழகத்தில், அதாவது டியூவில், பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஆங்கில இலக்கியம் படித்தவன். இப்போது புத்தக எடிட்டராக இருக்கிறேன், கூடவே தமிழிலிருந்து கொஞ்சம் மொழிபெயர்க்கிறேன். ஆர்.கே. புரத்திலிருந்து கேட்டாலும் மயூர் விஹாரிலிருந்து கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

இந்தப் படிப்பில் சேர்ந்தால் இங்கிலீஷ் சரளமாகப் பேச வந்துவிடும்தானே?

வரலாம். ஆனால் அதற்காக யாரும் இங்கே வகுப்பு எடுப்பதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ்தான் வேண்டுமென்றால் அதற்கு லக்ஷ்மி நகரிலும் முகர்ஜி நகரிலும் தெருவுக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கிறது. மூன்று வருஷத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

டியூவில் 2022-இல் வந்த பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரிலேயே மூன்று முக்கியமான பேப்பர்கள்: இலக்கியப் படிப்புக்கு அறிமுகம், ஐரோப்பியச் செவ்வியல் இலக்கியம், இந்தியச் செவ்வியல் இலக்கியம். அதாவது ஷேக்ஸ்பியரை எதிர்பார்த்துப் போகிற பிள்ளைக்கு முதலில் கிடைப்பது கிரேக்கமும் சமஸ்கிருதமும், எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில். 2015-இல் வந்த முந்தைய பாடத்திட்டத்தின் இந்தியச் செவ்வியல் பேப்பரில் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமும் இருந்தது, ஆர். பார்த்தசாரதியின் மொழிபெயர்ப்பில். அப்புறம்தான் சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், பதினெட்டாம் நூற்றாண்டு, ரொமான்டிக் கவிஞர்கள், விக்டோரியன் நாவல், இந்திய ஆங்கில எழுத்து, பெண் எழுத்து, இலக்கியக் கோட்பாடு என்று போகும்.

வேலை என்னவென்றால் படிப்பது, படித்ததை வகுப்பில் வரிவரியாகப் பிரிப்பது, பிறகு அதைப் பற்றி ஒரு வாதத்தைக் கட்டுரையாக எழுதுவது. வாரத்துக்கு ஒரு நாவலின் பாதியாவது படித்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். டுவெல்த் வரைக்கும் "சம்மரி எழுது, கேரக்டர் ஸ்கெட்ச் எழுது" என்று பழகின கை, இங்கே வந்ததும் கொஞ்ச நாள் திணறும். கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தால் டியூட்டோரியலில் டீச்சர் ஒரே கோடாக அடித்துவிட்டு "அதனால் என்ன?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தெரிவதுதான் மொத்தப் படிப்பும்.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஸ்கூலில்தான் இங்கிலீஷ். கான்வென்ட் பிள்ளைகளோடு உட்கார்ந்து சமாளிக்க முடியுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, பெரும்பாலும் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது. டிடிஇஏ (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிகளில் படித்தவர்கள் வீட்டிலிருந்து இன்னும் அதிகம் வரும்.

முதல் செமஸ்டரில் ஒரு வகையான பிள்ளைகள் வகுப்பில் நிறையப் பேசுவார்கள். உச்சரிப்பு மெருகாக இருக்கும், காஃப்காவை எட்டாம் வகுப்பிலேயே படித்ததாகச் சொல்வார்கள். உங்கள் பிள்ளை வாயைத் திறக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். செமஸ்டர் முடிவில் பரீட்சை எழுதும்போது நிலைமை மாறும், ஏனென்றால் இங்கே மார்க் எழுத்துக்கு. நன்றாகப் பேசுகிற எல்லோருக்கும் ஒரு பத்தியை ஒழுங்காகக் கட்டி முடிக்கத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்தப் படிப்பின் பாதி வேலை ஏற்கெனவே பழக்கமானது. குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.

"காதலர் இருவர் மனமும் ஒன்றாகக் கலந்தன" என்று எழுதினால் அது பள்ளிக்கூடத்துப் பதில். ஆனர்ஸ் வகுப்பில் கேட்பது வேறு. முதல் மூன்று வரியும் கேள்வி. மூன்றிலும் இரண்டிரண்டு பேர்: என் தாய், உன் தாய், என் தந்தை, உன் தந்தை, நான், நீ. வரிக்கு வரி வட்டம் சுருங்கி, குடும்பத்திலிருந்து அந்த இரண்டு பேருக்கு வந்து நிற்கிறது. நாலாவது வரியில் ஆளே இல்லை, மண்ணும் மழையும்தான். ஐந்தாவது வரியில் ஆட்கள் திரும்பி வரவேண்டும், ஆனால் வருவது நெஞ்சங்கள் மட்டும். என்னுடையது எது, உன்னுடையது எது என்ற பிரிப்பு அங்கே காணாமல் போயிருக்கிறது. செம்மண்ணில் விழுந்த தண்ணீரிலிருந்து நிறத்தை எப்படித் திரும்ப எடுப்பது? அதைக் கவிஞர் சொல்லவில்லை, பாட்டின் அமைப்பு சொல்கிறது. உறவும் ஊரும் கேட்கிற கேள்விகளுக்குப் பாட்டு பதிலே சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் செமஸ்டர் அசைன்மென்ட் முடிந்தது.

ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அவர் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததற்குப் பிறகு உலகத்தில் பல பல்கலைக்கழகங்களில் இப்படித்தான் சங்கப் பாட்டைப் படிக்கிறார்கள். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்கே உள்ள உயிர்களும் பொருள்களும்), உரி (உணர்வு) என்று பாட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, வேர்ட்ஸ்வொர்த் ஏன் மலையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறார் என்று குழம்பாது.

ஆங்கில வாக்கியம் சரியாக வரவில்லை என்பது உண்மையான குறை. அதற்கு வழி, தினமும் ஒரு பக்கம் எழுதுவது, நல்ல ஆங்கில உரைநடையைச் சத்தமாக வாசிப்பது. ஒரு வருஷத்தில் சரியாகிவிடும். படிக்கிற பழக்கமே இல்லாமல் இருப்பதுதான் பெரிய குறை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சியுஇடி பரீட்சை எப்படி? மார்க் எவ்வளவு எடுத்தால் கிடைக்கும்?

2022-க்கு முன்னால் போர்டு மார்க்கை வைத்து கட்-ஆஃப் போட்டார்கள், சில கல்லூரிகளில் அது நூறு சதவீதம் வரைக்கும் போய் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷத்திலிருந்து சியுஇடி, அதாவது பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. என்டிஏ என்கிற மத்தியத் தேர்வு முகமை நடத்துகிற கம்ப்யூட்டர் பரீட்சை. 2025 முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிஷம், எல்லாம் கட்டாயம். சரியான விடைக்கு 5 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிப்பார்கள். அதிகபட்சம் ஐந்து பாடம் எழுதலாம். இங்கிலீஷ் ஆனர்ஸுக்கு ஆங்கில மொழித்தாள் கட்டாயம். டுவெல்த்தில் எந்தப் பாடங்களைப் படித்தார்களோ அவற்றைத்தான் டியூவுக்காக சியுஇடியில் எழுத வேண்டும், இதைக் கவனிக்காமல் பாடம் தேர்ந்தெடுத்துவிட்டு ஜூலையில் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். மொழித்தாள்கள் 13-இல் தமிழும் ஒன்று. அதை எந்தச் சேர்க்கையில் கணக்கில் எடுப்பார்கள் என்பதை அந்தந்த வருஷத்து டியூ புல்லட்டினில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மார்க் எவ்வளவு வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, கல்லூரிக்குக் கல்லூரி, பிரிவுக்குப் பிரிவு மாறும். பரீட்சையை விட முக்கியமான இடம் அதற்குப் பிறகு வருகிற சிஎஸ்ஏஎஸ் போர்ட்டல், அதாவது டியூ சீட் ஒதுக்குகிற வெப்சைட். கல்லூரிகளையும் படிப்புகளையும் விருப்ப வரிசையில் நிரப்பச் சொல்வார்கள். கௌரவம் பார்த்து ஐந்து பெரிய பெயரை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். போகத் தயாராக இருக்கிற எல்லாக் கல்லூரியையும், உண்மையான விருப்ப வரிசையில், பட்டியல் நீளமாகப் போடுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு பட்டியலை நினைத்தபடி மாற்ற முடியாது. சீட் வந்ததும் குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். பிடித்த கல்லூரி வரட்டும் என்று சும்மா இருந்தால் கையில் இருப்பதும் போய்விடும், ஏற்றுக்கொண்டு "அப்கிரேட்" கேட்பதுதான் வழி.

தமிழ்நாட்டில் வாங்கின பிசி சர்டிஃபிகேட் இருக்கிறது, போதாதா?

போதாது. டியூ, ஜேஎன்யு இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், அங்கே மத்திய அரசின் ஓபிசி பட்டியல்தான் செல்லும், சர்டிஃபிகேட்டும் மத்திய அரசு வடிவத்தில், நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் இருப்பவர்) என்று குறிப்பிட்டு, அந்த வருஷம் மார்ச் 31-க்குப் பிறகு வாங்கினதாக இருக்க வேண்டும். பிசி, எம்பிசி என்று தமிழ்நாட்டு வடிவத்தில் இருப்பதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழ் ஊரில் பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கிறதென்றால் அதை ஏப்ரலிலேயே வரவழையுங்கள்.

எந்தக் கல்லூரி? நார்த் கேம்பஸ் இல்லாவிட்டால் வேஸ்ட் என்கிறார்களே?

வேஸ்ட் இல்லை. செயின்ட் ஸ்டீஃபன்ஸ், ஹிந்து, மிராண்டா ஹவுஸ், ராம்ஜஸ் எல்லாம் வடக்கில், லேடி ஸ்ரீராம், வெங்கடேஸ்வரா, ஜீசஸ் அண்ட் மேரி எல்லாம் தெற்குப் பக்கம். பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்று. வித்தியாசம், பக்கத்தில் உட்காருகிறவர்கள், லைப்ரரி, நாடகக் குழு, டிபேட்டிங் சொசைட்டி இதெல்லாம். அது சின்ன விஷயம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் துவாரகாவிலிருந்து விஸ்வவித்யாலயா மெட்ரோவுக்குத் தினமும் போய்வருவதற்கு முன்னால் ஒரு தடவை காலை எட்டு மணிக்கு ராஜீவ் சௌக்கில் ரயில் மாறிப் பாருங்கள். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து தூங்கத்தான் தோன்றும். 2025 ஜூனில் ஜங்க்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தபோது நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணக்கே தலைகீழ்: நேற்றுவரை பக்கத்தில் இருந்த தெற்குக் கல்லூரிகள் தூரமாகி, வடக்கு கேம்பஸ் ஒப்பிட்டால் கிட்டே வந்துவிட்டது.

டியூ மட்டும்தான் என்றில்லை. அம்பேத்கர் பல்கலைக்கழகம் டெல்லி மாநிலத்தினுடையது, 85 சதவீத இடம் டெல்லியில் படித்தவர்களுக்கு, வகுப்பு சின்னது, எனக்குப் பிடித்த இடம். ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் நல்ல ஆங்கிலத் துறை உண்டு. ஜேஎன்யுவில் பி.ஏ. ஆங்கிலம் கிடையாது, வெளிநாட்டு மொழிகள்தான், ஆங்கிலத்துக்கு எம்.ஏ.வுக்குத்தான் போக முடியும். பக்கத்து சோனிபட்டில் அசோகா மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு நன்றாக இருக்கிறது, கட்டணம் வருஷத்துக்குப் பல லட்சம். உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கடன் வாங்கி இந்தப் படிப்பைப் படிக்காதீர்கள், திருப்பிக் கட்டுகிற வேகத்தில் சம்பளம் வராது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கவேண்டிய நிலைமை என்றால் டியூவின் ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங்கிலும் இக்னோவிலும் ஆங்கில ஆனர்ஸ் உண்டு. டிகிரி செல்லும். வகுப்பில் வாதாடுகிற பழக்கம் மட்டும் அங்கே கிடைக்காது, அதை நண்பர்களோடு ஒரு வாசிப்புக் குழு வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பேசாமல் சென்னைக்கு அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மார்க்கில் சேர்க்கிறார்கள், சியுஇடி தலைவலி இல்லை. தாத்தா பாட்டி வீடு இருந்தால் செலவும் குறைவு. பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாமல் டெல்லியிலேயே வளர்ந்திருந்தால் அதற்கு அது நல்ல வாய்ப்பு என்றுகூடச் சொல்வேன்.

நாலு வருஷம் படிக்கணுமாமே?

மூன்று வருஷத்திலேயே ஆனர்ஸ் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நாலாவது வருஷம் ஆராய்ச்சிக் கட்டுரை அல்லது ப்ராஜெக்ட்டோடு வரும். 2022-இல் சேர்ந்தவர்கள்தான் 2025-இல் முதல் முறையாக அந்த வருஷத்துக்குப் போனார்கள். பி.எச்டி. எண்ணம் இருந்தால் இருங்கள், நாலாண்டுப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவர்கள் எம்.ஏ. இல்லாமலே பி.எச்டி.க்கான நெட் தேர்வு எழுதலாம். பி.எட். போட்டு டீச்சராகப் போகிறவர்கள் மூன்றில் கிளம்பிவிடலாம்.

பாடத்திட்டத்தில் அரசியல் அதிகம் என்கிறார்கள், உண்மையா?

உண்மை, இரண்டு பக்கத்திலிருந்தும். 2021 ஆகஸ்டில் ஐந்தாம் செமஸ்டர் பெண் எழுத்துப் பேப்பரிலிருந்து மகாஸ்வேதா தேவியின் கதையோடு சேர்த்து நம் தலித் எழுத்தாளர்கள் பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்தார்கள். ஆங்கிலத் துறையில் ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. அதற்கு முன் 2011-இல் ராமாயணங்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய கட்டுரையை வரலாற்றுப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். தமிழிலேயே பாமாவைப் படிக்க முடிகிற பிள்ளை அதற்காகப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் நான் சொல்வது. நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் படிக்கட்டும்.

வகுப்பில் சாதி, பெண், காலனியம் எல்லாம் பேசுவார்கள், பேசாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. ஆங்கில இலக்கியம் இந்தியாவில் பரவலாகப் பாடமானதே 1835-க்குப் பிறகு ஆட்சிக்கு ஆள் தயார்பண்ண. ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கென்று ஒரு படிப்பு வந்தது 1890-களில்தான். வெள்ளைக்காரன் ஆக்ஸ்ஃபோர்டில் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதைப் பற்றிக் கேள்வி கேட்காத ஆங்கில வகுப்பு இருந்தால் அந்தக் கல்லூரியை மாற்றுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் சண்டை போடும், முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும்.

புத்தகச் செலவு எவ்வளவு ஆகும்?

குறைத்துக்கொள்ளலாம். கமலா நகரிலும் பட்டேல் செஸ்ட் பக்கமும் போட்டோகாப்பி கடைகளில் பாடப் பகுதிகளைத் தொகுத்த கோர்ஸ் பேக் கிடைக்கும். இது சட்டப்படி சரியா என்ற கேள்வியே நீதிமன்றத்துக்குப் போனது: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகமும் சேர்ந்து 2012-இல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்பது சாரம். பதிப்பகத் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு சரி.

ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தை தரியாகஞ்ச் நடைபாதையில் இல்லை இப்போது, 2019-லிருந்து டெல்லி கேட் பக்கத்தில் மகிளா ஹாட்டுக்குள். கிளாசிக் நாவல்களை அங்கே தூக்க முடியாத அளவுக்கு வாங்கலாம். ஷேக்ஸ்பியர், சாசர் மாதிரி குறிப்புரை தேவைப்படுகிற புத்தகங்களுக்கு மட்டும் நல்ல பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், குறிப்பில்லாத மலிவுப் பதிப்பு வீண் செலவு. மண்டி ஹவுஸ் பக்கத்தில் ரவீந்திர பவனில் சாகித்ய அகாதெமி நூலகம் இருக்கிறது, தமிழ்ப் புத்தகமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே கட்டடத்தில் கிடைக்கிற இடம். கைடு வாங்காதீர்கள். பாஸாகலாம், ஆனால் எல்லோரும் அதே கைடைப் படித்து எழுதுவதால் திருத்துகிறவருக்கு மூன்றாவது பேப்பரிலேயே தெரிந்துவிடும்.

எழுத்தாளர் ஆகணும் என்கிறாள். அதற்கு இது சரியான படிப்பா?

எழுத்தாளர் ஆக எந்தப் படிப்பும் தேவையில்லை. டெல்லியில் இருந்து தமிழில் எழுதியவர்களைப் பாருங்கள்: இந்திரா பார்த்தசாரதி டியூவில் தமிழ்ப் பேராசிரியர், ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தவர். கிரியேட்டிவ் ரைட்டிங் விருப்பப் பாடமாக உண்டு, எடுத்துக்கொள்ளட்டும். அதில் கிடைக்கிற பெரிய லாபம் என்னவென்றால் வாரா வாரம் நாலு பேர் உங்கள் எழுத்தைப் படித்து முகத்துக்கு நேரே கருத்துச் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: இலக்கியம் படிக்கிற சிலருக்கு, பெரிய ஆட்களைப் படித்துப் படித்து, சொந்தமாக எழுதக் கை வராமல் போகும். அது வந்தால் பயப்பட வேண்டாம், டிகிரி முடிந்து ஆறு மாதத்தில் போய்விடும்.

மொழிபெயர்ப்பைப் பற்றித்தான் நான் நிறையப் பேசுவேன், தொழில் பாசம். தமிழைத் தமிழ் எழுத்தில் சரளமாக வாசித்து, ஆங்கிலத்தில் நாவல் அளவுக்கு உரைநடை எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் பாமாவையும் அம்பையையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பெருமாள்முருகனின் நாவல் 2023-இல் ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கியபோது மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கும் அதில் 10 லட்சம் ரூபாய். கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் 2022-இல் இன்டர்நேஷனல் புக்கர் வாங்கிய பிறகு, டெல்லியிலும் குருகிராமிலும் நோய்டாவிலும் இருக்கிற ஆங்கிலப் பதிப்பகங்கள் இந்திய மொழிகள் பக்கம் முன்னைவிட நன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன. இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, பரிசு எல்லோருக்கும் வராது. ஆனால் வேறொரு வேலையோடு சேர்த்துச் செய்ய முடியும், நான் அப்படித்தான் செய்கிறேன். இதற்கு முதல் நிபந்தனை பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருப்பது. "அவளுக்குப் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது" என்று பெருமையாகச் சொல்கிற டெல்லித் தமிழ்ப் பெற்றோர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கதை, கவிதையில் ஆர்வமில்லை, மொழி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பிடிக்கிறது என்கிறான்.

அப்படியானால் அவனுக்கு மொழியியல். டியூவிலும் ஜேஎன்யுவிலும் எம்.ஏ. இருக்கிறது, எந்த பி.ஏ. படித்திருந்தாலும் சேரலாம், சியுஇடி பி.ஜி. எழுத வேண்டும். தமிழில் ஒரே 'க' எழுத்து 'கடல்' என்னும்போது ஒரு மாதிரியும் 'தங்கம்' என்னும்போது வேறு மாதிரியும் ஒலிக்கிறது, ஆனால் நமக்கு அது இரண்டு ஒலி என்றே தோன்றுவதில்லை. இந்திக்காரருக்கு அது இரண்டு வெவ்வேறு எழுத்து. ஏன் என்று இரவெல்லாம் யோசிக்கிற பிள்ளை என்றால் சரியான இடத்துக்குத்தான் போகிறான். மூன்று மொழி கலந்து பேசுகிற டெல்லித் தமிழ் வீடே அவனுக்கு ஆய்வுக்கூடம்.

எல்லாம் சரி, வேலை கிடைக்குமா?

அப்பாக்களின் கேள்வி. நேராகவே சொல்கிறேன்: பி.ஏ. முடித்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் பெரிய சம்பளம் எதிர்பார்த்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். கிடைக்கிறது, சிலருக்கு, கன்சல்டிங் கம்பெனிகளில்கூட. அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

பள்ளி ஆசிரியர் வேலைதான் இன்னும் உறுதியான வழி. பி.எட். இரண்டு வருஷம், மத்தியப் பள்ளிகளில் டிஜிடி (பத்தாம் வகுப்புவரை ஆசிரியர்) ஆக சிடெட் என்கிற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வும் தேவை. பிஜிடி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்) ஆக எம்.ஏ.வும் பி.எட்.டும். நல்ல ஆங்கில ஆசிரியருக்கு டெல்லியில் வேலை இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை.

கல்லூரி ஆசிரியர் என்றால் நீண்ட பாதை. எம்.ஏ., பிறகு யுஜிசி நெட்: முதல் தாள் 50 கேள்வி, இரண்டாவது 100 கேள்வி, மொத்தம் 300 மார்க், மூன்று மணி நேரம், மைனஸ் மார்க் இல்லை. அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி ஃபெலோஷிப் வந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்யலாம், அது வீட்டுக்குப் பாரமில்லாத படிப்பு. அதற்குப் பிறகு நிரந்தர வேலைக்கு முன்னால் கெஸ்ட் ஆசிரியராகச் சில வருஷம் ஓடும். முப்பது வயதுவரை பொறுமை இல்லாத வீடு என்றால் இந்த வழியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

பதிப்பகம், பத்திரிகை, விளம்பரம், என்ஜிஓக்களில் அறிக்கை எழுதுவது, சட்டப்படிப்பு என்று மற்ற வழிகளும் உண்டு. சட்டத்துக்குப் போனவர்கள் நன்றாகவே செய்கிறார்கள், நீளமான ஆவணத்தை அலுக்காமல் படிக்கப் பழகிவிடுகிறார்கள் இல்லையா. சிவில் சர்வீஸில் ஆங்கில இலக்கியம், தமிழ் இலக்கியம் இரண்டுமே விருப்பப் பாடமாக எடுக்கலாம். பதிப்பகத்தில் ஆரம்பச் சம்பளம் குறைவு, டெல்லியில் சொந்த வீட்டில் இருக்கிற பிள்ளையால் சமாளிக்க முடியும், வாடகைக்கு அறை எடுத்திருக்கிற பிள்ளைக்குக் கஷ்டம். இந்த ஒரு விஷயத்தில் நம் டெல்லிப் பிள்ளைகளுக்கு வெளியூர்ப் பிள்ளைகளைவிட அதிர்ஷ்டம்.

சாட்ஜிபிடியே கட்டுரை எழுதிக் கொடுக்கும்போது இதை எதற்குப் படிக்கணும்?

சாதாரண கன்டென்ட் ரைட்டிங் வேலைகள் குறைந்திருப்பது நிஜம், அதை மறைக்கமாட்டேன். என் மேஜைக்கு வருகிற கையெழுத்துப் பிரதிகளிலும் மெஷின் எழுதின பத்திகள் வருகின்றன. பிழை இருக்காது, சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதும், எது நிற்கும், எது விழும் என்று முடிவு செய்வதும்தான் இப்போது எடிட்டர் வேலையில் பெரிய பகுதி. கல்லூரிகளும் சுதாரித்துக்கொண்டு வகுப்பிலேயே உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். அசைன்மென்ட்டை மெஷினிடம் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் ஓட்டுகிற பிள்ளைக்கு டிகிரி கிடைக்கும், ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் அந்த மெஷினும் இருக்கும், அதைவிட இவன் எதில் மேல் என்று கேட்டால் பதில் இருக்காது.

அட்மிஷனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே என்ன படிக்கலாம்?

சோஃபக்கிளீஸின் ஈடிபஸ் நாடகம் ஒன்று, சின்னதுதான், இரண்டு உட்காரலில் முடியும். சிலப்பதிகாரம் முழுக் கதையையும் தமிழில், உரையோடு, வழக்குரை காதையை மட்டுமாவது மூலத்தோடு. அரசனைக் கேள்வி கேட்கிற அந்த இடத்தையும் கிரேக்க நாடகத்தில் அரசன் தன்னையே விசாரிக்கிற இடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் செமஸ்டருக்கு ஒரு வாதம் கையில் தயார். ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு நாவல், எது பிடிக்கிறதோ அது, ஆனால் படம் பார்த்துவிட்டுப் படிக்கக் கூடாது. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம், கதையைச் சொல்லாமல் எழுதிப் பார்க்கட்டும். வேண்டுமென்றால் எனக்கு அனுப்பட்டும், படித்துவிட்டு ஓரத்தில் "அதனால் என்ன?" என்று எழுதித் தருகிறேன். அப்புறம் அந்த ஓபிசி சர்டிஃபிகேட், ஏப்ரலிலேயே.